கொலுசுப் பட்டறையில் கத்துக்கிட்ட பாய்லர்

நாமக்கல் டவுனுக்கு ரயிலே 2013-லதான் வந்துச்சு, சேலம்–கரூர் லைன்ல. அதுக்குள்ள நீராவி இஞ்சின் காலம் முடிஞ்சே போச்சு. அந்த ஊர்ல பொறந்த எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்டா, திருவிழாக் கடைதான் காரணம். தகரப் படகு, உள்ள குட்டி விளக்கு, தண்ணித் தொட்டியில 'படபட'ன்னு சுத்தும். அதுல பிஸ்டனும் இல்ல, சக்கரமும் இல்ல. சூடான பெட்டிக்குள்ள உருவாகுற ஆவி குழாய்த் தண்ணியை வெளிய தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணி திரும்ப உள்ள போகும். 1891-லயே இங்கிலாந்துல இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாங்க.

நான் செஞ்சது அடுத்த படி: ஆடும் சிலிண்டர் இஞ்சின். மாமாட், வில்லெஸ்கோ மாதிரி வெளிநாட்டு பொம்மை இஞ்சின்கள் பலதுலயும் இதே வேலைதான். சிலிண்டரே ஒரு ஊசியில மாட்டிக்கிட்டு இடவலமா ஆடும். அதோட தட்டையான முகத்துல ஒரு துளை. எதிர்த் தகட்டுல ரெண்டு துளை, ஒண்ணு ஆவி வர, ஒண்ணு போக. ஒரு பக்கம் சாஞ்சா வர்ற துளையோட சேரும், மறுபக்கம் சாஞ்சா போற துளையோட சேரும். தனியா வால்வே வேண்டாம். பித்தளை ராடு வாங்கி லேத்துல கடைஞ்சேன். லாரி பாடி கட்டுற ஊர்ல லேத் பட்டறைக்கா பஞ்சம்? பஞ்சர் கடை கம்ப்ரஸர் காத்தை விட்டுப் பார்த்தேன், ஜம்முனு ஓடிச்சு.

வினை பாய்லர்ல வந்துச்சு. 50 மில்லிமீட்டர் செம்புக் குழாய், ரெண்டு பக்கமும் மூடி. எலக்ட்ரானிக்ஸ் கடை ஈயத்தை வச்சு ஒட்டினேன். ரெண்டு பார் அழுத்தத்துல ஆவி 134 டிகிரிதான் இருக்கும், ஈயம் உருக 180-க்கு மேல வேணும், போதும்னு கணக்குப் போட்டேன். தண்ணி இருக்குற வரைக்கும் அந்தக் கணக்கு சரி. தண்ணி வத்தினது எனக்குத் தெரியல. காய்ஞ்ச இடத்துல சூடு எகிறி, ஈயம் உருகி, மூடி ஒரு ஓரமா வாய் பிளந்துச்சு. முழங்கைக்குக் கீழ வெந்த தழும்பு இன்னும் இருக்கு. மூடி முழுசாப் பறந்திருந்தா முகத்துல பட்டிருக்கும். அம்மா அன்னிக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டாங்க.

ரெண்டு பார்னா கார் டயர்ல அடிக்கிற காத்து அளவுதான், என்ன பெருசான்னு தோணும். ஆனா அந்தச் சின்ன மூடியை அது 40 கிலோ எடை கணக்கா உள்ளிருந்து தள்ளுது. இன்னொண்ணு, 134 டிகிரித் தண்ணிக்கு மேல இருக்குற அழுத்தம் திடீர்னு போச்சுன்னா அதுல ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும். தண்ணி ஆவியானா 1,600 மடங்குக்கு மேல பெருக்கும். காத்து டப்பா வெடிக்கிறதும் இதுவும் ஒண்ணில்ல.

வழி காட்டினது சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்குற ஒரு அண்ணன். பார்த்ததும் சிரிச்சார். "ஏந்தம்பி, நெருப்புல வைக்கிற சாமானுக்கு ஈயமா வைப்பாங்க?" வெங்காரம் தடவி, வெள்ளியும் செம்பும் கலந்த பொடியை ஓரமா வச்சு, ஊதுகுழல்ல காட்டினார். 600 டிகிரிக்கு மேலதான் அது இளகும். இளகினதும் இடுக்கு முழுக்கத் தானா ஓடிப் பரவிடும். 'பொடி வச்சுப் பேசறது'ங்கிற பேச்சே இந்தப் பட்டறைகள்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க.

நம்ம பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் கீழ இருந்தா கண்டுக்காது. ஆய்வாளர் வரமாட்டார், சர்டிபிகேட் கேட்கமாட்டாங்க. பக்கத்துத் திருச்சியில பொன்மலைப் பணிமனை 2021-ல ஊட்டி ரயிலுக்குப் புதுசா நிலக்கரி இஞ்சின் கட்டினப்போ சோதனை பண்ண ஒரு படையே இருந்திருக்கும். நம்ம வீட்ல நாமளேதான் ஆய்வாளர். அதனால பாய்லரைக் காத்துக் குமிழி இல்லாம பச்சைத் தண்ணியால நிரப்பி, ப்ளம்பர் பைப் டெஸ்ட் பண்ற கைப்பம்பு வச்சு நாலு பார் ஏத்தி அரை மணி நேரம் விட்டேன். ஓடப்போற அழுத்தம் மாதிரி ரெண்டு மடங்கு. பச்சைத் தண்ணி அமுங்காது. பாய்லர் கிழிஞ்சாலும் ஒரு சொட்டு ஒழுகும், அவ்வளவுதான். காத்தை அடைச்சு மட்டும் இந்த டெஸ்ட் பண்ணிடாதீங்க. முள் அசையல. குக்கர்ல இருக்குற மாதிரி சேஃப்டி வால்வு ஒண்ணு, தண்ணி மட்டம் தெரியக் கண்ணாடிக் குழாய் ஒண்ணு. போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு அந்தக் குழாயே அடைச்சுக்கும். அதனால லாரி பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தான்.

முதல் ஓட்டம் வாசல்ல. நாலு நிமிஷம், எண்ணெய் வாசனையோட, நிக்காம ஓடிச்சு. அம்மா கதவுக்குப் பின்னாடி நின்னே பார்த்தாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தண்ணி இருக்கா, பார்த்தியா?"