கதை வேட்டையாடிய கிழவர்

2021-ஆம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி இரவு ஸ்ரீ கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமானார். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. அந்நிலையிலும் அவருடைய உடல் கோவில்பட்டிக்கு அடுத்த இடைசெவல் கிராமத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பிறந்த மண்ணிலேயே அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. மந்திரிகளுக்கும் சேனாபதிகளுக்கும் செய்யும் மரியாதையை, உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு கரிசல்காட்டுச் சம்சாரிக்குச் சர்க்கார் செய்தது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் எழுந்துவிட்டது. சர்க்கார் தன் கடனைச் செலுத்திவிட்டதென்றே கொள்வோம். ஜனங்களாகிய நாம் செலுத்தவேண்டிய கடன் ஒன்று பாக்கி நிற்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

தென்பாண்டிச் சீமையின் பழைய கிராமங்களில் வேட்டையும் கதையும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் குடியிருந்தன. வெள்ளாமை வீடு சேர்ந்து, காடு வெறிச்சென்று கிடக்கும் மாதங்களில், வாலிபர்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு முயலுக்கும் கௌதாரிக்கும் புறப்படுவார்கள். சுவடு பார்த்து மிருகம் போன திசையைச் சொல்லும் கிழவர் ஒருவர் முன்னே நடப்பார். இரவில் மடத்துத் திண்ணையில் அன்றைய வேட்டையைக் கதையாகச் சொல்பவரும் அவரே. பகலில் கிடைத்தது ஒரு முயல்தான். கதையில் அது மூன்று ஊர்களைச் சுற்றி ஓடி, நான்கு நாய்களை ஏமாற்றி, கடைசியில் ஜமீன்தாரின் பல்லக்குக்குள் புகுந்துவிடும். கேட்பவர்களுக்கு உண்மை தெரியும். தெரிந்துதான் கேட்பார்கள். ஏனெனில் அந்தக் கதைக்குள்ளேதான் எந்த ஓடையில் எந்த மாதம்வரை தண்ணீர் நிற்கும், எந்தச் செடியை ஆடு தின்றால் சாகும், எந்தப் பஞ்சத்தில் எந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று என்ற செய்திகளெல்லாம் பொதிந்திருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கு அந்தக் கிழவரே புத்தகசாலை.

1972-ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கு முடிவு கட்டின. அதை நாம் குறைகூறவில்லை. காட்டு மிருகங்கள் பிழைக்க அது அவசியமாயிருந்தது. ஆனால் அந்தக் கிழவரின் நாவிலிருந்த ஞானத்தைப் பாதுகாக்க எந்தச் சட்டமும் பிறக்கவில்லை. அந்தக் காரியத்தைத் தனி மனிதராகத் தலைமேல் எடுத்துக்கொண்டவர் கி. ரா.

அவர் வேட்டையாடியது கதையை. அதைவிட அதிகமாகச் சொல்லை. பள்ளிக்கூடத்துக்கு மழைக்காக ஒதுங்கியதாகவும், அங்கும் மழையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாகவும் தம்மைப் பற்றி அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அதே ஊரில், அதே 1923-ஆம் வருஷத்தில் பிறந்த கு. அழகிரிசாமி அவருக்குத் தோழர். ஒரு சிற்றூர் ஒரே தலைமுறையில் இரண்டு பெரிய எழுத்தாளர்களைத் தந்தது. தோழர் பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை செய்தார். இவர் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்த்தார், விவசாயிகள் கிளர்ச்சியில் கலந்து சிறைக்கும் போனார். வீட்டில் பேசியது தெலுங்கு. வாழ்நாளெல்லாம் செல்வம் சேர்த்தது தமிழுக்கு. பாஷையின் பெயரால் ஜனங்களைப் பிரிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

ஊர் ஊராகக் கேட்டும், தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதியும் அவர் சேர்த்த சொற்கள் 1982-ல் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யாக வெளிவந்தன. சர்வகலாசாலைகள் செய்யத் தவறிய வேலை அது. பிற்பாடு புதுச்சேரிச் சர்வகலாசாலை அவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. பட்டம் பெற்றவர்கள் பட்டமில்லாதவரிடம் பாடம் கேட்டார்கள். அவரை ‘நைனா’ என்று அழைத்துச் சுற்றியிருந்து கதை கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

இதனால் தேசத்துக்கு என்ன லாபம் என்று நமது ராஜீய நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடைசெவலுக்குப் பக்கத்திலுள்ள கயத்தாற்றில்தான் 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பெனியார் தரைமட்டமாக்கினார்கள். அவர்களுடைய தஸ்தாவேஜுகளில் அவர் கிஸ்தி கட்டாத கலகக்காரர். காகிதம் ஒன்றையே சாட்சியாக ஏற்றிருந்தால் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கதைப்பாடல் பாடியவர்களும், திண்ணையில் கதை சொன்ன கிழவர்களும், கிழவிகளும் வேறொரு சாட்சியத்தை நூற்றைம்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தார்கள். சுதந்திர இந்தியா ஏற்றுக்கொண்டது அந்தச் சாட்சியத்தைத்தான். அதே சீமையில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, தம் சுயசரிதையில் இளமையில் முதியோரிடம் கேட்ட கதைகளை மறவாமல் குறிப்பிடுகிறார்.

கி. ரா.வின் ‘கதவு’ என்னும் சிறுகதையைப் படித்தவர்களுக்கு இன்னும் விளக்கம் வேண்டியதில்லை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். அந்தக் கதவுதான் குழந்தைகளுக்கு ரயில் வண்டி, விளையாட்டுத் தோழன், எல்லாம். ஜப்தி என்பது கச்சேரிப் பதிவேட்டில் ஒரே வரி. கதவில்லாத வீட்டுக்குள் பனிக்காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எத்தனையோ ஜப்தி உத்தரவுகளைக் கையால் தொட்ட வக்கீல்களாகிய எங்களுக்கு அந்தக் கதை கற்பித்ததை எந்தச் சட்ட புத்தகமும் கற்பிக்கவில்லை. 1976-ல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், காட்டை அழித்துக் கழனியாக்கிய குடிகளின் கதையை நூறு வயதைக் கடந்த ஒரு கிழவி சொல்லக் கேட்கிறோம். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ சுதந்திரப் போராட்டம் கிராமத்துக்குள் நுழைந்த விதத்தைச் சொல்கிறது; 1991-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றதும் அதுவே.

கொச்சைப் பேச்சை ஏட்டில் ஏற்றிப் பாஷையைக் கெடுத்தார் என்று அவரைக் குறைகூறிய பண்டிதர்களும் உண்டு. செந்தமிழில் எழுதும் நாமே இதற்கு விடை சொல்லுவோம். கமலை, கூனை, வடம், வால்கயிறு என்று ஒரு கிணற்றடியில் மட்டும் எத்தனை சொற்கள் இருந்தன! பம்ப்செட்டு வந்தது, கமலை போயிற்று, அதனுடன் இச்சொற்களும் போகின்றன. இவை கொச்சையல்ல, உழைத்த கைகள் தாமே செய்துகொண்ட தமிழ். செந்தமிழ் வற்றாதிருக்க வேண்டுமானால் அதற்கு நீர் வரும் வாய்க்கால் இந்தப் பேச்சுத்தான்.

இடைசெவலின் கரிசலில் விளைந்த பருத்தி கப்பலேறிய துறைமுகம் தூத்துக்குடி. கரிசலுக்கு வாய்த்த கிழவர் இந்தக் கடற்கரைக்கும் வாய்த்தாரா என்று கேட்கவேண்டிய வேளை வந்துவிட்டது. 1955 முதல் 1961 வரை இங்கே வருஷந்தோறும் முத்துச் சலாபம் நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி முன்போல் பெருகவில்லை, சலாபமும் நடைபெறவில்லை. 1973-ல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். முத்தை மறுபடியும் உண்டாக்க விஞ்ஞானத்தால் முடிந்தது. முத்துக் குளித்தவனுடைய வாய்ச்சொல்லை எந்த விஞ்ஞானமும் மறுபடி உண்டாக்க முடியாது.

சுறாமீனின் வாயைக் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ என்பவர் இக்கடற்கரையில் இருந்தார். பிடித்ததில் இருபதில் ஒரு பங்கு அத்தகையவர்களுக்குப் போயிற்றென்று மார்க்கோ போலோ எழுதிவைத்தான். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கில அதிகாரிகளும் அவரை நீக்கத் துணியவில்லை. அவர் இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மறுத்தார்கள். எத்தனை சிப்பி எடுத்தார்கள், என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் அதிகாரிகளின் அறிக்கைகளில் இருக்கின்றன. கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, கடலின் அடியில் நின்ற மனிதன் அங்கே கண்டதும் அஞ்சியதும் அவன் வாயால் சொன்னாலன்றி நமக்குத் தெரியா. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘கொற்கை’ போன்ற நாவல்கள் இக்கரையின் வாழ்வை நமக்குக் காட்டியிருக்கின்றன. நாவலாசிரியர் ஒருவர் இருவரால் முடிகிற வேலையல்ல இது. 1961-ல் இருபது வயது வாலிபனாகப் பாரில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்.

வயோதிகச் சாட்சியை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது நியாயஸ்தலங்கள் நன்கறிந்த விதி. இளைய சாட்சி அடுத்த வாய்தாவுக்கும் வருவான். தேசத்தின் வழக்கில் நாம் அந்த விதியை மறந்து, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால் கட்சிப் பணியிலும் ஊர்ப் பணியிலும் ஈடுபட்டுள்ள வாலிப நண்பர்களுக்கு நாம் சொல்வது இது. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கிராமத்துக்குப் போகிறீர்கள். பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறீர்கள். ஒருநாள் பேசாமல் உட்காருங்கள். ஊரில் மூத்தவர் யாரென்று விசாரித்து, “தாத்தா, உங்கள் காலத்துக் கதை ஒன்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள்; இலக்கணம் திருத்தவேண்டாம். சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறியுங்கள். இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குரலைப் பதியும் கருவி இருக்கிறது. காகிதமும் பேனாவும் மட்டும் வைத்திருந்த கி. ரா.வுக்கு இல்லாத வசதி அது. எழுதியதன் பிரதி ஒன்றை உள்ளூர்ப் புத்தகசாலையிலும், மற்றொன்றைப் பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். வில்லுப்பாட்டு, வலைத்தொழில், உப்பளம், பனையேற்றம் என்று எதையும் அற்பமென்று தள்ளவேண்டாம்.

இடைசெவல் பெரியவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் இவ்வளவே. அதைச் செலுத்த நிதி வேண்டாம், நிர்வாக சபை வேண்டாம். இன்று மாலையே ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்தால் போதும், தாமதிக்கலாகாது.