நாள் தள்ளிப்போட மாத்திரையா? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்!

வீட்டில் கல்யாணம், கோயிலில் கும்பாபிஷேகம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி மாதவிலக்கைத் தள்ளிப்போடுவது நமக்கெல்லாம் சகஜமாகிவிட்டது. டாக்டர் சீட்டுகூட யாரும் கேட்பதில்லை. என் நாத்தனாரும் தன் கொழுந்தன் கல்யாணத்துக்காக அப்படித்தான் பத்து நாள் போட்டுக்கொண்டாள். வயது 31.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் வயிறு உப்பியது. கேஸ் என்று ஓமத் தண்ணி, சீரகத் தண்ணியிலேயே ஒரு வாரம் ஓடியது. வலது விலாவுக்குக் கீழே வலி, பாவாடை நாடாவைக் கட்ட முடியவில்லை. காலும் வீங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பட்-கியாரி என்று பெயராம். ரத்தம் போக வழியில்லாமல் கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் என் மாமியார் வாயைத் திறந்தார். அவருடைய தங்கை, பிரசவமான பத்தாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சுத் திணறிப் போய்விட்டாராம். ஜன்னி என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி தடுக்க புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்று நம் உடம்பிலேயே சில பொருட்கள் உண்டு. பரம்பரையாக இவை குறைவாக இருந்தாலும் பல வருஷம் ஒன்றும் தெரியாது. பிரசவம், ஆபரேஷன், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என்று இன்னொன்று சேரும்போது ஆபத்து கூடுகிறது. நாள் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் அதிக அளவில் போட்டால் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுமாம். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, சேர்ந்திருக்கலாம் என்றார். பட்-கியாரி வந்த எல்லோருக்கும் பரம்பரைக் கோளாறு இருப்பதில்லை, எலும்பு மஜ்ஜைக் கோளாறாலும் நிறையப் பேருக்கு வருகிறதாம்.

நாத்தனாருக்குப் புரோட்டீன் எஸ் குறைவு. ஆனால் கல்லீரல் கெட்டிருந்தாலே அது குறைந்துவிடும் (கர்ப்பகாலத்திலும் குறையும்) என்பதால் மாமியாருக்கும் என் கணவருக்கும் பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே குறைவு!

குழாயில் ஸ்டென்ட் வைத்தபிறகு நாத்தனாருக்கு வயிறு வற்றிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையும் விடாமல் செய்ய வேண்டும். கீரையை அறவே விட வேண்டாம், ஒரு வாரம் நிறைய, மறு வாரம் சுத்தமாக இல்லை என்றுதான் இருக்கக் கூடாதாம். டாக்டரைக் கேட்காமல் தலைவலி மாத்திரைகூடப் போடுவதில்லை.

"வெளியே சொல்லிடாதேம்மா, நாளைக்குப் பொண்ணு கேட்டு வர யோசிப்பாங்க" என்கிறார் மாமியார். அவர் பயமும் நியாயம்தான். ஆனால் என் மகனுக்கும் மகளுக்கும் இது வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. மகளுக்கு 12 வயது. சின்னப் பாட்டி எப்படி இறந்தார் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.