கட்டைவிரலில் ஒரு மெட்டு

வால்பாறையில் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் கிதார் மீட்டும் ஓர் இளைஞன் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன். ‘அஸ்தூரியாஸ்’ என்னும் ஸ்பானிய இசைப் படைப்பைக் கேட்டது முதல், அதை வாசித்தே தீருவது என்று இறங்கிவிட்டான். அவன் தகப்பனார் ஒருநாள் என்னிடம் வந்தார். “ஏனுங்க சாமி, மூணு மாசமா ஒரே சத்தத்தையே தட்டிக்கிட்டிருக்கான். லைன் வீட்டுல பக்கத்துக்காரங்க ஏசுறாங்க. பாட்டை எப்பத்தான் வாசிப்பானாம்?”

அந்த ஒரே சத்தம்தான் பாட்டின் அடித்தளம் என்று அவருக்கு எப்படி விளக்குவது! இரண்டாம் தந்தி, இடக்கை விரல் படாமல், திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனூடே தடித்த தந்திகளில் கட்டைவிரல் மெட்டைக் கொண்டுசெல்லும். காதில் விழவேண்டியது மெட்டு. கற்பவர் கையிலோ மற்ற விரல்களின் ஆரவாரமே மேலோங்கும். வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலை மட்டும் தனியே பழக்கினாலன்றி இது சீர்படாது. வலக்கை நகங்களையும் சற்றே வளர்க்கவேண்டும். விடுமுறையில் தாயோடு கொழுந்து பறிக்கப் போகும் பிள்ளைக்கு நகம் எங்கே நிற்கும்?

இதை இயற்றிய இசாக் அல்பேனிஸ் (1860–1909) ஒரு பியானோக் கலைஞர். கிதாரின் ஒலியை மனத்திற்கொண்டு, 1890-களில் பியானோவுக்கே இதை எழுதினார். பெயரும் அவர் இட்டதன்று. அவர் மறைந்தபின் பதிப்பாளர் சூட்டியது. அஸ்தூரியாஸ் ஸ்பெயினின் வடபகுதி. இசையோ தென்பகுதியான அந்தலூசியாவின் சாயல் கொண்டது. பின்னாளில் அந்திரேஸ் செகோவியா (1893–1987) போன்றோர் கிதாரில் வாசித்து இதை உலகறியச் செய்தனர்.

இவையெல்லாம் தகப்பனாரை அசைக்கவில்லை. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வில் தேறியவர் என்றேன். அப்போதுதான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு மகனிடம் வேறொரு குறை இருந்தது. படைப்பின் நடுவே ஆரவாரம் முழுதும் அடங்கி, தனிக்குரல் ஒன்று மெல்லப் பாடுவதுபோல் ஒரு பகுதி வரும். குருமடத்தில் நாங்கள் பயின்ற கிரகோரியன் பாடல்களை அது எனக்கு நினைவூட்டும். அவனோ அதை இளைப்பாறும் இடமாக எண்ணி ஓடிக் கடந்தான். கைதட்டல் வேகத்துக்குத்தானே கிடைக்கும்! “கிதாரைக் கீழே வை, முதலில் வாயால் பாடு” என்றேன். மூச்சு எடுக்கும் இடம் தெரியாமல் திணறினான். தென்மேற்குப் பருவமழை கொட்டிய மாலைகளில், ஆலயத் திண்ணையில் இருவரும் பாடியே பழகினோம். ஈரத்தில் தந்திகள் சுருதி இறங்கிக்கொண்டிருந்ததால் அதுவும் வசதியாயிற்று.

வேகப் பகுதி இன்னும் தடுமாறுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் கைவருமா என்பது ஐயமே. போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தகப்பனார் என்னை நிறுத்தினார். “நடுவுல ஒண்ணு மெதுவா வருதுங்களே சாமி... அதை வாசிக்கிறப்ப பக்கத்து வீட்டுல ரேடியோவை அமத்திடறாங்க.”