தேடுபொறியும் தமிழ்ப் பக்கங்களும்

இணையப் பக்கமொன்று தேடுபொறியின் முடிவுகளில் முன்வரிசை பெறுதற்குப் பல உபாயங்கள் கூறப்படுகின்றன. 1998 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த சேர்ஜி பிறின், லறி பேஜ் ஆகியோர் வெளியிட்ட முறை, ஒரு பக்கத்தைச் சுட்டும் ஏனைய பக்கங்களின் தொகையையும் தகுதியையும் கொண்டு அதன் மதிப்பைக் கணித்தது. ஆய்வுலகின் மேற்கோள் மரபை ஒத்தது அது. ஆயின், தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை இதற்கு முன்னதாகவே வேறொரு வினா எழுகின்றது: தேடுபொறி அப்பக்கத்தைத் தமிழென அறிகின்றதா?

ஈழத்தவர் நெடுங்காலம் கையாண்ட பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என நாம் காண்பது, கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அதன் பின்னரும் பல்லாண்டுகள் நம்மவர் பாமினியிலேயே தட்டச்சுச் செய்தனர். பழக்கத்தின் வலிமை அத்தகையது. அவ்வாறு ஆக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையைத் தமிழ்ச்சொல் கொண்டு தேடுவோர் காண்டல் அரிது. காணாதோர் அதனை மேற்கோள் காட்டார். சுட்டுவாரற்ற பக்கம் மேலும் பின்தள்ளப்படும்.

பாமினிப் பிரதிகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இன்று உள்ளன. மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தலே நம்முடைய வேலை. முழுக் கட்டுரையையும் உடனே மாற்ற இயலாதவிடத்து, தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆய்வுச் சுருக்கம் ஆகியவற்றையேனும் ஒருங்குறியில் முதலில் இடுதல் வேண்டும்.