34 வினாடிக் கணக்கு

ரவுட்டரின் ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்பதை அந்தக் கருவியே எண்ணிவருகிறது. கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வழியாக அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, முந்தைய எண்ணைக் கழித்துப் போக்குவரத்தைக் கணக்கிடுகிறது. எதை எண்ண வேண்டும், அந்தக் கவுன்ட்டர் எத்தனை பிட் என்பதெல்லாம் ‘மிப்’ எனும் தரவு வரையறையில் முன்பே எழுதப்பட்டிருக்கும். 1991இல் வந்த மிப்-2 வரையறையில் கவுன்ட்டர்கள் 32 பிட். அவை 4,294,967,295 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 10 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 57 நிமிடம் ஆகும். 1 கிகாபிட்டில் 34 வினாடி போதும்.

சுற்றுவது தவறில்லை, ஒரே சுற்று என்றால் கழித்தலிலேயே சரியாகிவிடும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே பல சுற்றுகள் ஓடிவிட்டால்தான் சிக்கல். மணிமுள் மட்டும் உள்ள கடிகாரத்தைப் பார்த்து, கழிந்தது 2 மணி நேரமா 14 மணி நேரமா என்று எப்படிச் சொல்வது? ஒரு கிகாபிட் இணைப்பு 5 நிமிடம் நிரம்பி ஓடினால் 3,750 கோடி பைட் கடக்கும். கவுன்ட்டர் எட்டு முறை சுற்றியதை அறியாத மென்பொருள் மிச்சமுள்ள 314 கோடியை மட்டும் கணக்கில் எடுத்து, வேகம் சுமார் 84 மெகாபிட் என்று வரைபடம் போடும். நெரிசலில் திணறும் இணைப்பு, பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாததுபோல் தெரியும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே கவுன்ட்டரின் அளவை முடிவுசெய்ய இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: எண்ணப்படுவது அதிகபட்சம் எவ்வளவு வேகமாகப் பெருகும், அதை எவ்வளவு இடைவெளியில் படிப்பார்கள்.

அடிக்கடி படித்தால் போதாதா என்று கேட்கலாம். 100 கிகாபிட்டில் ஒரு சுற்றுக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான இணைப்புகளை அந்த வேகத்தில் விசாரிக்க முடியாது. அப்படியானால் எல்லாவற்றையும் 64 பிட்டாக்கிவிடலாமே? 1993இல் 64 பிட் கவுன்ட்டர் வந்தபோது அதற்கு விலை இருந்தது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பால் அதைச் சுமக்க முடியாது. 32 பிட் செயலி அதை இரண்டு பாதியாகப் படிக்கும்; இடையில் எண் மாறினால் விடை குளறுபடியாகும். அதனால்தான் 2000இல் வந்த வரையறை வேகத்துக்கேற்பப் பிரித்தது: 20 மெகாபிட் வரை எல்லாம் 32 பிட், அதற்கு மேல் பைட்டுகளுக்கு 64, 650 மெகாபிட்டிலிருந்து பாக்கெட்டுகளுக்கும் 64. ஒரு பாக்கெட்டில் 64 பைட்டாவது இருக்கும் என்று கொண்டால், 650 மெகாபிட்டிலும் பாக்கெட் எண்ணிக்கை சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அரிதாகவே கூடும் பிழைகளுக்கான கவுன்ட்டர் 32 பிட்டிலேயே நின்றது.

இந்தச் சிக்கனம் அன்றைக்குச் சரி. இன்று செயலிகள் மாறிவிட்டன, விலையும் குறைந்துவிட்டது. ஆனால் வெளியிட்ட கவுன்ட்டரின் வகையைப் பின்னர் மாற்றக் கூடாது என்ற விதி மாறவில்லை. பழையதை அப்படியே விட்டுப் புதியதைப் பக்கத்தில் சேர்க்கத்தான் வழி உண்டு. 64 பிட் பைட் கவுன்ட்டர் 1 டெராபிட் இணைப்பிலும் ஒருமுறை சுற்ற ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். வேகத்தின் உச்சம் தெளிவாகத் தெரியாத இடத்தில் பெரிய அளவைத் தேர்ந்தால் இழப்பு நான்கு பைட் நினைவகம். சிறியதைத் தேர்ந்தால், பொய்யென்று கண்டுபிடிக்கவே முடியாத எண்.