பதினைந்து வயதுச் சிறுவனும் கணக்கும்

கணக்கு ஆண்பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும், பெண்பிள்ளைகள் அதனை வருந்தித்தான் கற்க வேண்டும் என்று சொல்லும் வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேனாடுகளிலும் கற்றறிந்தவர்களே நெடுநாள் அவ்வாறு சொல்லி வந்தனர். 1964-ஆம் ஆண்டில் பன்னிரண்டு நாடுகள் கூடி, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் பள்ளியிறுதி வகுப்பினருக்கும் ஒரு கணிதத் தேர்வு நடத்தின. உலக அளவில் பள்ளிக் கணிதத்தை அளந்து பார்த்த முதற் பெருமுயற்சி அதுவே. அதிலும் பெரும்பாலான நாடுகளில் சிறுவரே முன்நின்றனர். பழைய கூற்றுக்குச் சான்று கிடைத்தது போலத் தோன்றுகிறதல்லவா? அந்தச் சான்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இன்று இவ்வகைத் தேர்வுகளுள் பெரும்பெயர் பெற்றது ‘பீசா’ என்பது. பாரிஸ் நகரில் தலைமையிடம் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகிறது. எந்த வகுப்பில் படிப்பவராயினும் பதினைந்து வயதினர் என்பதே தகுதி. எல்லாரும் எழுதுவதில்லை, புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்த ஒரு பகுதியினரே எழுதுவர். 2022-ஆம் ஆண்டுச் சுற்றில் 81 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஏறத்தாழ 6,90,000 பேர் எழுதினர்.

பாடப் புத்தகத்தை ஒப்பிப்பவனுக்கு இத்தேர்வு உதவி செய்யாது. 2012-ஆம் ஆண்டு வினா ஒன்றைப் பாருங்கள். ஜப்பானிலுள்ள பியூஜி மலைமீது ஒருவன் 9 கிலோமீட்டர் ஏறுகிறான். அவன் எடுத்து வைத்த அடிகள் 22,500 என்று இடுப்பிலிருந்த கருவி காட்டுகிறது. அவனுடைய ஓர் அடியின் சராசரி நீளம் எத்தனை சென்டிமீட்டர்? ஒன்பது கிலோமீட்டரை ஒன்பது லட்சம் சென்டிமீட்டராக்கி வகுத்தால் 40 என்று விடை வந்துவிடும். அவ்வளவுதான். ஆயினும் ஆறு படிநிலைகளுள் ஐந்தாவதில் வைத்து எண்ணப்பட்ட கடின வினா இது. வகுக்கத் தெரிவது வேறு, எதை எதால் வகுப்பது என்று தாமே முடிவு செய்வது வேறு.

இனி அளவுகோலுக்கு வருவோம். 2003-இல் அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகளது சராசரியை 500 என்று வைத்து, மூன்றில் இரு பங்குப் பிள்ளைகள் 400-க்கும் 600-க்கும் இடையே விழுமாறு கணித அளவுகோலை வகுத்தனர். 2022-இல் உறுப்பு நாடுகளில் சிறுவர் சிறுமியரைவிடச் சராசரியாக 9 புள்ளிகள் மிகுதியாகப் பெற்றனர். செய்தித்தாளில் இதனைத் தலைப்பாகப் போட்டால் பெரிதாகத்தான் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் பொறுக்கி ஒப்பிடுவோம். இவ்வாறு நூறு முறை செய்தால் ஏறத்தாழ 53 முறை சிறுவனும் 47 முறை சிறுமியும் மேலே நிற்பர். இதைக் கொண்டு எதிரே வரும் ஒரு பிள்ளையின் கணக்கறிவை ஊகிக்க முற்படுவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான வேலை.

நாட்டுக்கு நாடு உள்ள இடைவெளியோடு வைத்துப் பார்த்தால் இதன் சிறுமை இன்னும் விளங்கும். நம் தமிழ்நாடு ஒருமுறை, 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக, இத்தேர்வில் கலந்துகொண்டது. நமது கணிதச் சராசரி 351. அச்சுற்றில் சிங்கப்பூரின் சராசரி 562. இருநூறுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியைப் பற்றிப் பேசாமல் ஒன்பது புள்ளியைப் பற்றி வாதிடுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

மேலும், அந்த ஒன்பதும் எங்கும் ஒன்பதாக இல்லை. 2022-இல் 40 இடங்களில் சிறுவர் முந்தினர். 17 இடங்களில் சிறுமியர் முந்தினர். எஞ்சிய 24-இல் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இத்தாலியில் சிறுவர் 21 புள்ளி முன்னே நிற்க, பின்லாந்தில் சிறுமியர் 5 புள்ளி முன்னே நின்றனர்.

பின்லாந்தின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2003-இல் அந்நாட்டுச் சிறுவரின் சராசரி 548, சிறுமியரின் சராசரி 541. உலகமே அந்நாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவரப் புறப்பட்ட காலம் அது. பின்னர் இருபாலாரும் சரிந்தனர். சிறுவர் விரைந்து சரிந்தனர். 2012-க்குள் சிறுவரின் முன்னிலை மறைந்து போயிற்று. 2022-இல் சிறுவர் 482, சிறுமியர் 487. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நாட்டுச் சிறுவரின் மூளை மாறிவிடுமா? மாறக்கூடியவை பழக்கமும் ஊக்கமும் பள்ளியும் வீடுமே. கணித ஆற்றல் பிறப்போடு வந்த ஆண்சொத்து என்பார் இந்த எண்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் பல நாடுகளில் சிறுவர் முந்துவது எதனால்? 2012-ஆம் ஆண்டுத் தேர்வோடு பிள்ளைகளின் மனநிலையையும் கேட்டறிந்தனர். கணக்கென்றால் அச்சம் என்று கூறிய சிறுமியர் மிகுதி. தம்மால் முடியும் என்று கூறிய சிறுவர் மிகுதி. ஒத்த துணிவும் ஒத்த அச்சமும் உடைய சிறுவனையும் சிறுமியையும் ஒப்பிட்டபோது, இடைவெளி பெரும்பாலும் சுருங்கியது அல்லது மறைந்தது. துணிவு ஆற்றலை வளர்க்கிறதா, ஆற்றல் துணிவைத் தருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றே நான் கருதுகிறேன்.

சராசரி மறைத்துவிடும் மற்றொன்றும் உண்டு. சிறுவருக்காக நான் கவலைப்படுவது அங்கேதான். உச்சிப் படிநிலைகளில் சிறுவர் சற்று மிகுதியாக இருப்பதைக் கண்டு மகிழ்வோர், அடித்தட்டைப் பார்ப்பதில்லை. 2012-இல் உறுப்பு நாடுகளில் கணிதம், வாசிப்பு, அறிவியல் ஆகிய மூன்றிலும் அடிப்படை நிலையை எட்டாதவர் சிறுமியருள் நூற்றுக்கு 9 பேர், சிறுவருள் நூற்றுக்கு 14 பேர். வாசிப்பில் 2022-இலும் சிறுவர் 24 புள்ளி பின்தங்கினர். வினாவே ஒரு பத்தி நீளத்துக்கு வரும் தேர்வில், படித்துப் பொருள் கொள்ள இயலாதவன் கணக்குத் தொடங்கும் இடத்துக்கே வந்து சேரமாட்டான். ‘ஆண்பிள்ளை, கணக்கு தானாக வந்துவிடும்’ என்ற நம்பிக்கையினால் இவன் பக்கம் ஆசிரியரும் பெற்றோரும் திரும்பாமற் போகக்கூடும். அதே 2012-ஆம் ஆண்டு விசாரணையில், வீட்டுப்பாடத்துக்குச் சிறுவர் செலவிட்ட நேரம் சிறுமியரைவிட வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி குறைவாக இருந்தது.