பூச்சு வேலைக்கு முன்பே இதை முடிச்சிடுங்க! சிவகாசி வட்டார வீடுகளுக்கு நெட்வொர்க் வயரிங் கைடு

வீடு கட்டுபவர்கள் எத்தனை ஃபேன், எத்தனை லைட், ஏ.சி. பாயின்ட் எங்கே என்று எலெக்ட்ரீஷியனிடம் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். இன்டர்நெட் என்று வந்தால் மட்டும், ‘அதான் வைஃபை இருக்கே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குடிபோன பிறகுதான் ஹாலில் பறக்கிற நெட், மாடி அறையில் தவழ்வது தெரியும். புதுச் சுவரைக் கொத்த யாருக்கும் மனசு வராது. ஜன்னல் வழியே ஒரு வயரை வெளியே இழுத்து, மொட்டை மாடி வழியாக அடுத்த அறைக்கு இறக்கிவிடுவார்கள்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் அந்த ஒரு வயர்தான் வினை. கொளுத்தும் வெயில் அதன் மேலுறையை வெடிக்க வைக்கும்; இடி மின்னல் வந்தால் அதே வயர் வழியாக டிவி, ரூட்டர், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே நொடியில் போகலாம். இதைத் தவிர்க்க நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டடத்துக்குள்ளே செம்பு வயர், கட்டடத்துக்கு வெளியே கண்ணாடி இழை. இதைப் பூச்சு வேலைக்கு முன்பே திட்டமிட்டால் செலவும் குறைவு, நிம்மதியும் அதிகம்.

வைஃபை மட்டும் போதாதா?

ஃபோனுக்குப் போதும். ஆனால், இந்த ஊர் வீடுகளில் நடப்பது ஃபோன் வேலை மட்டுமல்ல. பட்டாசு, தீப்பெட்டியோடு சிவகாசிக்குச் சோறு போடும் இன்னொரு தொழில் அச்சு. காலண்டர், லேபிள், அழைப்பிதழ் என டிசைன் வேலையை வீட்டிலிருந்தே செய்து அச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. 1 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை 50 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப மூன்று நிமிடம்கூட ஆகாது. வைஃபை பலவீனமாகி வேகம் 5 எம்பிபிஎஸ்ஸாக இறங்கினால், அதே ஃபைலுக்கு 27 நிமிடம். சீசன் நேரத்தில் அந்த அரை மணி நேரம் ஓர் ஆர்டரையே தள்ளிப்போட்டுவிடும்.

காரணம் எளிது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். ஓரளவு தாண்டக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. நெருக்கமான தெருவில் பத்து வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்க வேண்டும்.

மின்னலை மறக்கக் கூடாது

பட்டாசு ஆலைகளில் இடிதாங்கி எவ்வளவு முக்கியம் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்னலுக்குப் பயந்து வேலையை நிறுத்துகிற ஊர் இது. ஆனால், வீட்டு மாடியில் ஓடும் வயரைப் பற்றி அந்தக் கவலை வருவதில்லை.

மின்னல் நேராக வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே, வெளியே நீளமாகக் கிடக்கும் செம்பு வயரில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்படலாம். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் காப்பு, பொதுவாக 1,500 வோல்ட் சோதனையைத் தாங்கும் அளவுக்கே அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் போனால் கருவி கருகும்.

வீட்டை ஒட்டி பைண்டிங் ஷெட்டோ, சிறிய பிரஸ்ஸோ தனிக் கட்டடமாக இருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. செம்பு வயரால் இணைத்தால், இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு அந்த வயர் வழியாகப் பாயும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் போதும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில், தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பியும் சேர்ந்து வரும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பட்டாசு ஆலை வளாகம் இதில் சேராது. அங்கே எந்த வயரிங்காக இருந்தாலும் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் உரிம நிபந்தனைகளும்தான் பேசும். வீட்டு எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யக் கூடாது.

பிளான் போடுவது எப்படி?

தளத்துக்கு 1,000 சதுர அடி, இரண்டு தளம் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹால் டிவிக்கு இரண்டு பாயின்ட், படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று, படிப்பு அல்லது ஆபீஸ் மேஜைக்கு ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் சீலிங்கில் வைஃபை கருவிக்கு ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. பாயின்ட்டுக்குச் சராசரியாக 20 மீட்டர் என்றாலும் 160 மீட்டர்தான் வரும். கடையில் ஒரு முழுப் பெட்டி கேபிள் 305 மீட்டர். கேமராவுக்குப் போட்டாலும் மிஞ்சும்.

எல்லா வயரும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடராகப் போடக் கூடாது. சேரும் இடம் மாடிப்படிக்குக் கீழோ, ஹால் லாஃப்டிலோ இருக்கலாம். மொட்டை மாடி ஹெட் ரூம் வேண்டாம். வீட்டு ரூட்டர்கள் பலவும் 40 டிகிரி வெப்பம் வரைக்குமே வடிவமைக்கப்பட்டவை. இங்கே சித்திரை வெயிலில் மூடிய ஹெட் ரூம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். சேரும் இடத்தில் இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தால், கரன்ட் போனாலும் நெட் போகாது.

இனி பைப். கரன்ட் வயர் போகும் பைப்புக்குள் நெட்வொர்க் வயரை நுழைக்கவே கூடாது. இரண்டும் அருகருகே ஓடினால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கிட வேண்டும் என்றால் நேர்க்கோணத்தில் தாண்டட்டும். 25 மி.மீ. பைப்பில் நான்கு வயருக்கு மேல் திணிக்க வேண்டாம். வளைவுகளில் எல்போவுக்குப் பதில் பெண்ட் போடச் சொல்லுங்கள். வாசலிலிருந்து சேரும் இடத்துக்கு ஒரு காலி பைப்பும் போட்டு, உள்ளே நைலான் கயிறு ஒன்றை விட்டுவையுங்கள். நாளைக்கு எந்த நிறுவனத்தின் ஃபைபர் வந்தாலும் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கடையில் ஏமாறாதீர்கள்

வீட்டுக்கு கேட்-6 கேபிள் போதும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால், அது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு பூசிய கேபிளாக இருக்கலாம். நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும். அது வளைத்தால் எளிதில் ஒடியும். கேமராவுக்கு மின்சாரமும் அதே வயரில் போகும்போது அதிகம் சூடாகும். முழுச் செம்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேபிளுக்குள் எட்டு வயர்கள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். இரைச்சலைக் குறைக்கும் இந்த முறுக்கு உத்திக்கு, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அதனால் முனை இணைக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

வெயிலும் கரிசலும்

வெளிச்சுவர் கேமராவுக்கு வயர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், வெயில் தாங்கும் கறுப்பு நிற வெளிப்புறக் கேபிளை பைப்புக்குள் விடுங்கள். உள்முனையில் சர்ஜ் புரொடக்டர் வைத்து, அதை எர்த்தோடு இணையுங்கள். மண்ணுக்கடியில் ஃபைபர் கொண்டுபோவதானால், கரிசல் மண் கோடையில் பிளந்து மழையில் உப்பும் என்பதை மறக்காதீர்கள். ஒட்டுப் போட்ட பிவிசி பைப் அந்த அசைவில் விட்டுப்போகும். ஒட்டில்லாத ஹெச்டிபிஇ குழாயைச் சுற்றிலும் மணல் போட்டுப் புதைப்பது நல்லது.

கட்டி முடித்த வீடா?

பழைய கேபிள் டிவி வயர் போன பைப் சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த வயரின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் வேலை முடிந்தது. அதுவும் இல்லையென்றால் சுவரோரமாக கேசிங் பட்டி. எல்லா அறைக்கும் முடியாவிட்டாலும், கீழிருந்து மாடிக்கு ஒரே ஒரு வயர் கொண்டுபோய் அங்கே இரண்டாவது வைஃபை கருவி வைத்தால், பாதிப் பிரச்னை தீரும்.

கூலி கொடுக்கும் முன்...

* ஒவ்வொரு பாயின்ட்டிலும் லேப்டாப்பைச் செருகி லிங்க் ஸ்பீடு பாருங்கள். லேப்டாப்பும் ரூட்டரும் ஜிகாபிட் வகையாக இருந்தால் 1,000 எம்பிபிஎஸ் காட்ட வேண்டும். அதற்கு நான்கு ஜோடியும் வேலை செய்ய வேண்டும். 100 என்று காட்டினால், ஏதோ ஒரு வயர் சரியாகச் சேரவில்லை.

* ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

* பூச்சுக்கு முன், டேப்பை வைத்து அளவு தெரியும்படி எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துவையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது, பைப் எங்கே ஓடுகிறது என்று அந்த போட்டோதான் சொல்லும்.